சிகாகோ குளிரைத் தாங்கும் பட்டர்ஃபிளை வீட்: சில வருட அனுபவம்

சிகாகோ பக்கம் வீட்டு முன்னால் நல்ல வெயில் விழும் ஒரு மேடான இடம் இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு பட்டர்ஃபிளை வீட் வையுங்கள். இல்லினாயின் பழைய பிரெய்ரி புல்வெளிகளில் தானாக வளர்ந்த செடி இது. முழங்கால் உயரத்துக்குப் புதராக நிற்கும். ஜூன் கடைசியிலிருந்து பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பூக்கும்.

2017-இல் டிரைவ்வே ஓரமாக நட்டேன். அந்த ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாக அமெரிக்காவில் இதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் வருடம் வேர் பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்றினேன், அவ்வளவுதான். உரம் வைத்ததே இல்லை. 2019 ஜனவரி 30 அன்று ஓஹேர் விமான நிலையத்தில் மைனஸ் 31 டிகிரி செல்சியஸ் பதிவானது நினைவிருக்கும். எந்த மூடாக்கும் போடாத என் செடி அந்த வசந்தத்தில் மறுபடி துளிர்த்து வந்தது.

ஒரு விஷயம்: இது ரொம்பத் தாமதமாகத்தான் எழும். டியூலிப் எல்லாம் பூத்து ஓய்ந்த பிறகும் அந்த இடம் வெறும் மண்ணாகவே கிடக்கும். செத்துவிட்டது என்று தோண்டிவிடாதீர்கள். பழைய தண்டுகளை வெட்டாமல் விட்டால் அதுவே அடையாளம். முள்ளங்கி மாதிரி ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வளர்ந்த செடியை இடம் மாற்றுவதும் சரிவராது. இங்குள்ள களிமண்ணில், பனி உருகித் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைத்தால் வேர் அழுகிவிடும். விதை போடுவதென்றால் இலையுதிர் காலத்திலேயே வெளியில் தூவிவிடுங்கள். குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும். அப்புறம் பூவுக்கு இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும்.

எருக்கு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் செடி உடனே பிடித்துப்போகும். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் இதன் தண்டைக் கிள்ளினால் பால் வராது. பூவைக் கிட்டத்தில் பாருங்கள்: ஐந்து இதழும் கீழே மடிந்திருக்க, நடுவில் ஐந்து குட்டிக் கிண்ணங்கள் நிமிர்ந்து நிற்கும். தேன் குடிக்க வரும் தேனீயின் கால் அவற்றுக்கு இடையிலுள்ள பிளவில் மாட்டும். இழுத்துக்கொண்டு பறக்கும்போது, ஒரு கரும்புள்ளியில் ஜோடியாகத் தொங்கும் இரண்டு மஞ்சள் மகரந்தப் பைகளும் காலோடு போகும். மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கலாம்.

எருக்கில் மொய்க்கும் அதே மஞ்சள் அசுவினிப் பூச்சி கோடை முடிவில் இதற்கும் வரும். ஹோஸ் பைப்பால் வேகமாகப் பீய்ச்சி அடித்தால் போதும். மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள், இந்த இலையைத் தின்னும் மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இருக்கும். ஒருமுறை கடையில் வாங்கி வைத்த இன்னொரு செடியில் ஏறிய புழுக்கள் எல்லாம் சுருண்டு விழுந்து செத்தன. விற்பதற்கு முன்பே பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள். மனசே ஆறவில்லை. வாங்கும்போது மருந்து அடித்ததா என்று கட்டாயம் கேளுங்கள்.

உண்மையைச் சொன்னால், மோனார்க் இதில் தேன் குடிக்கும் அளவுக்கு முட்டை இடுவதில்லை. அதற்கு இதன் உறவுச் செடியான ஸ்வாம்ப் மில்க்வீட்தான் அதிகம் பிடிக்கிறது. அது ஈரத்தை விரும்பும் செடி. கூரைத் தண்ணீர் வந்து விழும் பள்ளத்தில் அதையும் ஒன்று வைத்துவிடுங்கள்.