‘டிராக்ஸ் தட்டு அப்படித்தான் இரையும்’ என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்

சிகாகோவில் பிறந்த மின்னணு நடன இசையான ஆசிட் ஹவுஸின் பழைய வைனில் தட்டுகளைத் தேடி வாங்குகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. ஃபியூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’, சிகாகோவின் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் 1987இல் வெளியிட்ட பன்னிரண்டு அங்குலத் தட்டு, எண் டிஎக்ஸ் 142. அதன் முதல் அச்சு என்று சொல்லி, லண்டனில் உள்ள ஒரு கடை தன் இணையதளத்தின் வழியாக எனக்கு ஒரு போலியை 165 பவுண்டுக்கு விற்றது. கடையின் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் நண்பர் ஒருவர் சொல்லிவிட்டார். பெயரைவிட அவர்கள் ஏமாற்றும் முறை முக்கியம் என்பதால் அதை முழுவதுமாக எழுதுகிறேன்.

வேறு எந்த நிறுவனத்தின் தட்டைவிடவும் டிராக்ஸ் தட்டைப் போலியாக விற்பது எளிது. காரணம் அந்த நிறுவனத்தின் சொந்தப் புகழ்தான். அதை நடத்திய லாரி ஷெர்மன் சிகாகோவில் ஒரு தட்டு அச்சடிக்கும் ஆலையைக் கையில் வைத்திருந்தார். விற்காத பழைய தட்டுகளை உருக்கி, அந்தப் பிளாஸ்டிக்கிலேயே புதுத் தட்டுகளை அடித்தார். பழைய லேபிளின் காகிதத் துணுக்குகூடச் சில தட்டுகளில் கலந்திருக்கும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். அதனால் அந்தக் காலத்து டிராக்ஸ் தட்டு, உறையிலிருந்து முதன்முறை எடுக்கும்போதே இரையும், பொரியும், சில சமயம் வளைந்தும் இருக்கும். இது ஊரறிந்த கதை. போலி விற்கிறவருக்கு இதைவிட வசதியான கதை ஏது? எந்தக் குறையைச் சொன்னாலும், “டிராக்ஸ்தானே, அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்.

இந்தத் தட்டுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்றும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்ற சிறு வெள்ளிநிறக் கருவியை வெளியிட்டது. தனியாகக் கிதார் பழகுகிறவருக்குப் பின்னணியில் பேஸ் (தாழ்சுருதி) வாசிக்கும் துணை என்று சொல்லி விற்றார்கள். அது உண்மையான பேஸ் கிதார் போல ஒலிக்கவே இல்லை. 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடந்த கருவிகளில் ஒன்றுதான் சிகாகோவில் டிஜே பியரி, ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்ற ஃபியூச்சர் குழுவின் மூவர் கையில் அகப்பட்டது. சொன்னபடி இயக்கத் தெரியாமல், ஒலியின் தன்மையை மாற்றும் கட்-ஆஃப், ரெசனன்ஸ் திருகுகளை ஓடும்போதே திருப்பிக்கொண்டிருந்தபோது வந்த அந்தக் கிறீச்சிடும், நெளியும் ஒலிதான் ‘ஆசிட்’. ஒலிநாடாவை சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் நடன விடுதியின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் முதல்முறை போட்டபோது ஆட்டக்காரர்கள் களத்தைவிட்டு விலகினார்கள். அதே இரவில் நான்காவது முறை போட்டபோது கூட்டம் வெறிகொண்டது. மார்ஷல் ஜெஃபர்சன் தயாரிப்பில் 1987இல் தட்டாக வந்தது. அடுத்த ஆண்டே லண்டனிலும் மான்செஸ்டரிலும் இளைஞர்கள் மஞ்சள் சிரிப்பு முகம் பதித்த சட்டையோடு விடிய விடிய ஆடினார்கள். பதினோரு நிமிடத்துக்கும் மேல் ஒரே பேஸ் வரி நெளிந்துகொண்டே போகும் இந்த இசை எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

கடைக்கு வருகிறேன். விற்பனைப் பக்கத்தில் “1987 அசல் அச்சு, தரம்: வெரி குட் பிளஸ்” என்று, அதாவது பழையதானாலும் நல்ல நிலையில் உள்ளது என்று, போட்டிருந்தார்கள். படங்கள் தெளிவாக இருந்தன: லேபிள், உறை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டின் உள்வளையம். பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள அந்த வெற்று வளையத்தில்தான் தட்டின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. படத்தில் கையால் கீறிய எழுத்துகள், சற்றுச் சாய்ந்து, ஒரு எழுத்து இரண்டு முறை அழுத்தி எழுதியதுபோல இருந்தன. 1988இலிருந்தே அசலை வைத்திருக்கும் மூத்த நண்பர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். தன் தட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, “இது அசல்தான், தயங்காமல் வாங்கு” என்றார். அவர் சொன்னது சரி. படத்தில் இருந்தது அசல். பெட்டியில் வந்ததுதான் வேறு.

முள்ளை வைத்ததும் முதல் சில சுற்றுக்குச் சத்தமே இல்லை, அப்படி ஓர் அமைதி. திடீரென்று ஒரு நொடியில் இரைச்சல் தொடங்கியது. அதற்குச் சற்றுப் பின்னால் டிரம். இது நடக்கக் கூடாது. தட்டின் பிளாஸ்டிக்கே மட்டமானது என்றால், முள் தொட்ட கணத்திலிருந்தே இரைய வேண்டும். வெளி வரிகள் அமைதியாக இருந்து, இசைக்குச் சற்று முன்பு மட்டும் இரைச்சல் கதவைத் திறந்துகொண்டு வந்தால், அந்த இரைச்சல் உங்கள் தட்டினுடையது அல்ல. யாரோ தங்கள் பழைய தட்டை ஓடவிட்டுப் பதிவு செய்து, அந்தப் பதிவைப் புதுத் தட்டில் வெட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது அந்த ‘டிக்’. பாட்டின் நடுவில், நாலாம் நிமிடத்தைத் தாண்டியதும், ஒரே சீராக ‘டிக், டிக்’ என்று வரும். குறுக்கே ஒரு கீறல் இருந்தால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டில் 1.8 நொடிக்கு ஒருமுறை இப்படிக் கேட்பது இயல்பு. விளக்குக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், கீறல் எதுவும் இல்லை. மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒரு சின்னப் பொட்டை எடுத்து லேபிளில் ஒட்டினேன். “என்ன, இசைத்தட்டுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடப் போகிறீர்களா?” என்று கேட்டாள். கும்பிடுவதற்கு அல்ல. கீறல் இந்தத் தட்டில் இருந்தால், ஒவ்வொரு ‘டிக்’கின்போதும் பொட்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டும், கீறலும் பொட்டும் சேர்ந்துதானே சுற்றுகின்றன. என் தட்டில் முதல் ‘டிக்’ வந்தபோது பொட்டு கடிகாரத்தின் பன்னிரண்டில் இருந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒன்றுக்கு நகர்ந்தது, இரண்டுக்கு, மூன்றுக்கு. மூலத்தட்டைப் பதிவு செய்த டர்ன்டேபிளின் வேகமும் புதுத் தட்டு வெட்டிய இயந்திரத்தின் வேகமும் இம்மியளவு வேறுபட்டதால் வரும் நகர்வு அது. வேறு யாருடைய தட்டின் கீறலுக்கோ நான் 165 பவுண்டு கொடுத்திருந்தேன். இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பொட்டு. நல்ல காது வேண்டும் என்பதுகூட இல்லை.

மற்றவை வேகமாகவே வெளிப்பட்டன. உள்வளையத்தில் கையெழுத்து இல்லை. இயந்திரம் பொறித்த நேர்த்தியான ஆறு இலக்க எண். பூதக்கண்ணாடி வைத்தால் லேபிளின் ஒரே நிறப்பரப்பு முழுக்க நான்கு நிறப் புள்ளிகள்: ஸ்கேன் செய்த படத்தை அச்சிட்டால் வரும் கோலம். சமையலறைத் தராசில் 178 கிராம். கனமான தட்டு என்பது அண்மைக்கால மறு அச்சுகள் பெருமையாக விளம்பரம் செய்யும் விஷயம். பழைய தட்டை உருக்கிக் காசு மிச்சம் பிடித்த ஒரு ஆலை 1987இல் இவ்வளவு தாராளமாகப் பிளாஸ்டிக் ஊற்றியிருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கடைக்கு எழுதினேன். முதல் பதில் நான் எதிர்பார்த்த அதே வரி: டிராக்ஸ் தட்டுகள் அப்படித்தான் இரையும், இந்த இசையைச் சேகரிக்கிறவர்களுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது என்ற தொனி அதில் இருந்தது. உள்வளையத்தின் படத்தையும், அவர்கள் விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். அதற்கு, “படம் மாதிரிக்காக மட்டுமே” என்றார்கள். அரிசி மூட்டைக்கு மாதிரிப் படம் போடலாம். உள்வளையத்தைப் பார்த்து விலை முடிவாகும் ஒரு பொருளுக்கு மாதிரிப் படம் என்றால் என்ன பொருள்? மூன்றாவது கடிதத்தில், பழைய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்பது கடையின் விதி என்றார்கள். நான்காவதில் குரல் மாறியது: பாதிப் பணம் தருகிறோம், தட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கும் எதுவும் எழுதாமல் இருந்தால் போதும்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நேர்மையான கடையில் தவறு நடந்தால் தட்டைத்தான் முதலில் திரும்பக் கேட்பார்கள், அது எப்படி வந்தது என்று பார்ப்பதற்காக. இவர்களுக்குத் தட்டு வேண்டாம், என் வாய் மூடினால் போதும்.

பிரிட்டனில் இருப்பவர்கள் கவனிக்கவும். “பழைய பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்” என்று கடை எழுதி வைத்தால் அது சட்டம் ஆகிவிடாது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி கடை விற்கும் பொருள், பழையதே ஆனாலும், விவரித்தபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இணையத்தில் கடையிடம் வாங்கியதாக இருந்தால், காரணமே சொல்லாமல் ரத்து செய்யப் பொருள் கைக்கு வந்த பின் 14 நாள் உண்டு. நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் கடையோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. வேறொரு கடைக்காரர் தட்டைப் பார்த்துப் போலி என்று எழுதிக் கொடுத்த கடிதம், இரண்டு உள்வளையங்களின் படங்கள், அந்தப் பாதிப் பண மின்னஞ்சல் மூன்றையும் இணைத்து அனுப்பினேன். விற்பனைப் பக்கம் நீக்கப்படும் முன்பே அதைப் படம்பிடித்து வைத்திருந்தது மிகவும் உதவியது. பணம் முழுவதும் திரும்பி வந்தது. பேபால் போன்ற சேவையில் ‘நண்பருக்கு அனுப்பும் பணம்’ என்ற வகையில் கட்டினால் கட்டணம் மிச்சம் என்று எந்த விற்பனையாளராவது ஆசை காட்டினால், அந்த வகைக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

பாட்டைக் கேட்டால் போதும் என்கிறவர்கள் மறு அச்சைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். மறு அச்சு என்று சொல்லி விற்பவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இசைத்தவர்களுக்குப் பணம் போகிறதா என்பது டிராக்ஸ் விஷயத்தில் பழைய புண். உரிமைத்தொகை தரவில்லை என்று, அந்த நிறுவனம் தட்டு வெளியிட்ட ஹவுஸ் இசைக்கலைஞர்கள் லாரி ஹெர்டும் ராபர்ட் ஓவன்ஸும் 2020இல் வழக்குத் தொடர்ந்து, 2022இல்தான் தங்கள் பாடல்களின் உரிமையை மீட்டார்கள். அந்தக் கலைஞர்களை ஒருமுறை நிறுவனம் கைவிட்டது. போலி அடிப்பவர் இரண்டாவது முறை கைவைக்கிறார்.

அதே கடையில் சரண்ஜித் சிங்கின் 1982ஆம் ஆண்டு ராகத் தட்டும் “அசல் இந்திய அச்சு” என்று போட்டிருக்கிறது. டிபி-303இல் ராகங்களை வாசித்து, சிகாகோவுக்கு முன்பே ஆசிட் ஹவுஸை எட்டிவிட்டதாகப் பலர் வியக்கும் மும்பைத் தட்டு அது. 2010இல் மறு அச்சு வந்திருக்கிறது. உறையின் முன்பக்கப் படம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்த் தட்டு என்ற ஆசையில் யாரும் விழுந்துவிடாதீர்கள். லேபிள், உள்வளையம் இரண்டின் படத்தையும் அன்றைய தேதி எழுதிய ஒரு காகிதத்தோடு சேர்த்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையாகவே கையில் வைத்திருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை.

போலித் தட்டைக் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அடுத்த வாரமே பழைய படங்களோடு ‘ஆசிட் டிராக்ஸ்’ மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டது, இந்த முறை 180 பவுண்டு. ஆகவே அந்தத் தட்டின் அடையாளங்கள்: உறையின் வலது கீழ்மூலை மடிந்திருக்கும். முதல் பக்கத்தில் நாலாம் நிமிடத்துக்குப் பின் நான் சொன்ன ‘டிக்’ இருக்கும். அதே பக்கத்து லேபிளின் விளிம்போரம் பொட்டின் பசை பதிந்த சிறு வட்டம் இருக்கும். அதை வேண்டுமென்றே துடைக்காமல் அனுப்பினேன். இவை உங்கள் தட்டோடு ஒத்துப்போனால் எனக்குத் தனியாக எழுதுங்கள். கார்டு நிறுவனத்துக்கு நான் அனுப்பிய கடிதங்களையும் படங்களையும் அப்படியே தருகிறேன்.