முறுக்குக்கு 31 பாகை: ஐந்து குளிர்காலச் சூட்டுக் கணக்கு

முறுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது 2020 செப்டெம்பரில். பால் பைத்தன் (ball python) என்ற பாம்பு, பெண். அப்போது உள்ளங்கையில் அடங்கும், இப்போது 1.4 கிலோ. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருள்வதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். எங்கள் வீட்டில் யாருக்கும் பந்து ஞாபகம் வரவில்லை, தட்டில் வைத்த முறுக்குத்தான் வந்தது. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பிராணி. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்டோ (நிலத்தடித் தளம்) ஜனவரியில் 17 பாகை செல்சியஸ். ரொறன்ரோவில் 3 மீட்டருக்கு மேல் வளரும் பாம்பை வைத்திருக்கத் தடை உண்டு. இது ஒன்றரை மீட்டரைத் தாண்டுவதே அரிது என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. சிக்கல் முழுக்கச் சூட்டில்தான்.

நான் வைத்திருக்கும் அளவு இது: சூடான மூலை 31 முதல் 32, குளிர்ந்த மூலை 25 அல்லது 26, இரவிலும் 24க்குக் கீழே விடுவதில்லை. நடுவில் அது தானே ஊர்ந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இரை செரிப்பதற்கே அதற்கு வெளிச்சூடு வேண்டும். குளிரில் கிடந்தால் விழுங்கிய எலி வயிற்றில் கெட்டுப்போய்க் கக்கிவிடும். நாளடைவில் மூச்சுக்குழாயில் தொற்று வந்து வாயோரம் நுரை கட்டும்.

முதல் வருசம் நான் செலவழித்த வரிசை முழுக்கத் தலைகீழ். 20 கலன் கண்ணாடித் தொட்டி, பிளாஸ்டிக் கொடி, ஒளிந்துகொள்ளத் தேங்காய்ச் சிரட்டை, அடியில் ஒட்ட ஒரு ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), பக்கத்தில் ஒட்ட ஒரு வட்ட முள் வெப்பமானி. சூட்டைப் பார்த்து ஹீட்டரை எரியவும் அணையவும் வைக்கும் தெர்மோஸ்டாட் வாங்கவில்லை. "இந்த மேட் ஓர் அளவோடு தானே நிற்கும்" என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். முள் 27இல் நின்றது. மூன்று கிழமை நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒருநாள் அண்ணா கார் எஞ்சினுக்கென்று வாங்கிவைத்த, தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மரத்தூளை விரலால் ஒதுக்கி, அடிக்கண்ணாடியைப் பார்த்து அமத்தினேன். 47.2. நம்பாமல் இன்னும் இரண்டு தரம் அமத்தினேன். 46.9, 47.4. பக்கத்துச் சுவரில் முள் அப்போதும் 27ஐத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. தான் ஒட்டியிருந்த இடத்துக் கண்ணாடியின் சூட்டைச் சொன்னது, பாம்பு படுத்திருந்த இடத்தின் சூட்டை அதனிடம் யாரும் கேட்கவில்லை. முறுக்கின் வயிற்றுச் செதிலில் இரண்டு விரல் அகலத்துக்கு மண்ணிறம் ஏறியிருந்தது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, கொப்புளம் வருவதற்கு முன் பிடித்துவிட்டாய் என்றார். மூன்று முறை சட்டை உரித்த பிறகுதான் அந்தத் தழும்பு மங்கியது.

பைத்தனின் உதட்டோரக் குழிகள் இருட்டில் எலியின் உடற்சூட்டையே கண்டுபிடிக்கும். அப்படிப்பட்ட பிராணி ஏன் சுடுகிற இடத்தை விட்டு நகரவில்லை என்று நெடுநாள் யோசித்தேன். அதன் ஊரில் சூடு மேலிருந்து, வெயிலாக வருகிறது. எலி வளைக்குள்ளோ கறையான் புற்றுக்குள்ளோ இறங்கினால் குளிர்ச்சி. என் தொட்டியில் இதை அப்படியே புரட்டிப் போட்டிருந்தேன்: தப்பிக்கக் கீழே தோண்டத் தோண்ட அடுப்பு. தூளைத் தடிப்பாகப் போட்டால் நல்லது என்று நினைத்ததும் பிழை. தடிப்பான தூள் சூட்டைக் கண்ணாடியோடு அடைத்துவைக்கும்.

அந்தக் கிழமையே தெர்மோஸ்டாட் வந்தது. அதன் ப்ரோப்பை, அதாவது சூட்டை உணரும் முனையை, தொட்டிக்கு உள்ளே, தரையில் வைத்தேன். இரண்டாம் நாள் முறுக்கு அதைக் குளிர்ந்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டுப் படுத்திருந்தது. தெர்மோஸ்டாட் பாவம், 25 என்று வாசித்து மேட்டை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தது. டேப் போட்டு ஒட்டலாமென்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். அவிழ்ந்த டேப் செதிலில் பிடித்தால் சமையல் எண்ணெய் தடவித் தடவி ஒரு மணிநேரம் உரிக்க வேண்டும். ஊகித்துச் சொல்லவில்லை. இன்னொரு நாள் ப்ரோப்பின் மேலேயே மூத்திரம் பெய்து வைத்தது. ஈரம் காயும்போது ப்ரோப் குளிரும், ஹீட்டர் எரியும். கடைசியில் ப்ரோப்பை வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்தேன். அங்கே 35 என்றால் உள்பக்கக் கண்ணாடி 32 என்று கன்னால் அளந்து குறித்துக்கொண்டேன். கன்னை மூடியைத் திறந்துதான் பிடிக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று குறிபார்த்தால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும்.

2021இல் நாலடிக்கு இரண்டடி மரப்பெட்டிக்கு மாறினோம். மேட்டுக்குப் பதில் மேலே 100 வாட் செராமிக் ஹீட்டர். வெளிச்சம் தராது, ஆனால் அதன் மேற்பரப்பு 200 பாகையைத் தாண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ளாமலிருக்கக் கம்பிக்கூடும் கட்டாயம். காற்றை உலர்த்துவதால் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கப் பெரிய தண்ணிக் கிண்ணம் வைத்தேன், வேறு பெரிய வேலை இல்லை.

2022 பெப்ரவரியில் ஓர் இரவு இரண்டே முக்கால் இருக்கும். கட்டில் பக்கத்தில் போன் கத்தியது. தெர்மோஸ்டாட்டோடு சம்பந்தமில்லாமல் தனியாக வாங்கிவைத்திருந்த, சூட்டை அளந்து போனுக்கு அனுப்பும் ஸ்விட்ச்பாட் மீட்டரின் அலாரம். கீழே ஓடினேன். தெர்மோஸ்டாட்டின் திரையில் 36.8, அதன் ஹீட்டிங் விளக்கு அணைந்திருந்தது. அதாவது தன் கணக்கில் அது ஹீட்டரை நிறுத்தியாகிவிட்டது. செராமிக்கின் கீழே கையை நீட்டினால் அனல். திரையில் 36.9. முறுக்கு குளிர்ந்த மூலைச் சுவரோடு நீட்டி ஒட்டிக்கொண்டு வாயைக் கொஞ்சம் திறந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன்.

விடிந்ததும் ஹீட்டருக்குப் பதில் ஒரு மேசை விளக்கைத் தெர்மோஸ்டாட்டில் மாட்டிப் பார்த்தேன். எந்தச் சூட்டில் வைத்தாலும் விளக்கு எரிந்தது. ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் பெட்டியில் ஒரு தட்டு தட்டினேன். 'டிக்' என்றது, விளக்கு அணைந்தது. உள்ளே மின்னிணைப்பைச் சேர்த்தும் வெட்டியும் விடும் ரிலேயின் இரண்டு தொடுமுனைகளும் உருகி ஒட்டிப் போயிருந்தன. ஒரு நாளைக்கு நூறு தரத்துக்கு மேல் டிக், டிக் என்று அடிக்கும் சாமான் என்றைக்கோ ஒருநாள் ஒட்டத்தான் செய்யும். ஒட்டினால் பெரும்பாலும் 'ஓன்' நிலையிலேயே ஒட்டும் என்பதுதான் இதில் பயங்கரம். 38ஐத் தாண்டினால் பால் பைத்தனுக்கு உயிர் ஆபத்து. அன்றைக்கு மீட்டர் இல்லாவிட்டால் காலையில் நான் என்ன பார்த்திருப்பேன் என்று நினைக்க இப்போதும் விருப்பமில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தெர்மோஸ்டாட், ஒன்றின் பின் ஒன்றாக. முதலாவது இங்க்பேர்ட் 308, 31.5இல். மூன்று வருசத்தில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அது செருகியிருப்பது வேறு கம்பனியின் தெர்மோஸ்டாட்டில், அதன் ப்ரோப் வேறு இடத்தில், அளவு 34. இரண்டாவது எப்போதும் 'ஓன்'தான், வேலையே இல்லாமல் காவல் இருக்கும். டிக் டிக் இல்லாததால் அதன் ரிலே தேய்வதும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை அதன் ப்ரோப்பை வெந்நீர்க் கோப்பையில் தோய்த்து, இணைப்பை வெட்டுகிறதா என்று பார்ப்பேன்.

செராமிக்கை 100இலிருந்து 60 வாட்டுக்கு இறக்கி, பெட்டியின் பின்புறச் சுவருக்கு வெளியே தடிப்பான நுரைப்பலகை அடித்தேன். ஒருநாள் முறுக்கை வேறு பெட்டியில் விட்டுவிட்டு 60 வாட்டை விடாமல் எரியவிட்டுப் பார்த்தேன். ஜனவரியில் 34ஐத் தாண்டவில்லை. ஜூலையில் தாண்டும். அதற்குத்தான் காவல்காரர். மின்சாரமும் குறைந்தது: ஜனவரியில் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குள்.

மீட்டரும் ஒருமுறை என்னை ஏமாற்றியது, பிழை அதனுடையதல்ல. 2023 டிசம்பரில் இரவு வேலையிலிருந்து போனைப் பார்த்தேன், 31.2. இடைவேளையில் பார்த்தேன், 31.2. தசமம்கூட அசையவில்லையே என்று தோன்றவில்லை எனக்கு. வீட்டில் ஐந்து மணிநேரம் கரண்ட் இல்லை. வைஃபையும், மீட்டரின் எண்ணை இணையத்துக்கு அனுப்பும் ஹப்பும் செத்துப்போய், போனில் கிடந்தது கடைசியாக வந்த எண். பெட்டிக்குள் உண்மையில் 22. இப்போது ரவுட்டருக்கும் ஹப்புக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் இருக்கிறது. அதோடு, எண்ணைப் பார்க்கும் முன் அது எத்தனை மணிக்கு வந்த எண் என்று பார்க்கப் பழகிவிட்டேன்.

2013 கிறிஸ்மஸுக்கு முன் உறைமழை கொட்டி ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் போனதை நாங்கள் இருட்டில் இருந்து அனுபவித்தவர்கள். அதனால் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்று எப்போதும் தயார். முறுக்கைத் தலையணை உறையில் விட்டு உறையின் வாயைக் கட்டி, துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தலை எதிர் மூலையில் வைத்து மூட வேண்டியதுதான். மூடியில் காற்றுத் துளை உண்டு. ஒரு நாள் 20 பாகையில் கிடந்தால் வளர்ந்த பாம்புக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பதறிப்போய்ச் சூடேற்றுவதுதான் ஆபத்து. சூடு பழைய நிலைக்கு வரும்வரை இரை கிடையாது.

அம்மா ஐந்து வருசமாகியும் பெட்டிப் பக்கம் வந்ததில்லை. ஆனால் மீட்டரின் இரண்டாவது திரையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியது பிழையாகிவிட்டது. "பாம்புக்கு யாழ்ப்பாணம், எனக்கு அலாஸ்காவோ?" என்று குளிர்காலம் முழுக்கக் கேட்டார். வீட்டுச் சூடு 20தான், ஹைட்ரோ (மின்சார) பில்லும் காஸ் பில்லும் கட்டுவது நான். போன மார்ச்சில் வேலையில் நிற்கும்போது அலாரம் அடித்தது: குளிர்ந்த மூலை 28.6. இரண்டு தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து போய்விட்டதென்று நடுங்கிப்போய் வீட்டுக்கு அழைத்தேன்.

"வீட்டு ஹீட்டரை 26க்கு ஏத்தினது நான்தான்" என்றார் அம்மா. "உன்ர பாம்பு ஒண்டும் சொல்லேல்லையே?"