சுவருக்குத் தேமல் வந்த கதை: பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் கவனிக்க

போன மாதம் வரைக்கும் மதுரையில் எங்கள் வீட்டு ஹாலுக்குள் காலை எட்டு மணிக்கு யார் வந்தாலும் முதலில் கேட்டது, "என்ன, சுவரு ஓதம் அடிக்குதா?" என்றுதான். ஓதமும் இல்லை, ஒழுகலும் இல்லை. கிழக்கு ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது சோபாவுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் தேமல் பிடித்த மாதிரி ஏழெட்டு திட்டு தெரியும், மத்தியானம் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. அந்தத் தேமலுக்கு நான் கொடுத்த விலை 52,800 ரூபாய்.

மார்கழியில் ஆரம்பித்தது. பொங்கலுக்குள் பெயின்ட் அடித்து முடித்துவிட வேண்டும் என்று எல்லோரையும் போல எனக்கும் அவசரம். தெரிந்தவர் மூலமாக வந்த காண்ட்ராக்டர், ஹாலும் இரண்டு அறையும் சேர்த்து 2,200 சதுர அடி, பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு 24 ரூபாய் என்று பேசினார். கடையில் அவரே கேட்லாக்கைப் புரட்டி, பளபளப்பான விலை கூடின எமல்ஷனைக் காட்டி, "இதுதான் சார், கறை பட்டா துடைச்சுக்கலாம், அப்புறம் எங்கயாவது பேந்தாலும் லேசா டச்சப் பண்ணிட்டா கண்ணுக்கே தெரியாது" என்றார். துடைக்கலாம் என்பது உண்மை. டச்சப் பண்ணினால் தெரியாது என்பது பச்சைப் பொய், பளபளப்பு கூடக் கூட டச்சப் செய்வது கஷ்டம் என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. கடைப் பலகையில் மின்னியதைப் பார்த்து நானும் மயங்கிவிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

முதல் வாளியை என் முன்னால்தான் உடைத்தார். ஹால் நன்றாகவே வந்தது. அறைகளுக்கு அடிக்கிற இரண்டு நாளும் நான் வேலைக்குப் போய்விட்டேன். முடித்துவிட்டுப் போகும்போது, "மிச்சம் இருக்கு சார், வச்சுக்கங்க" என்று பழைய தயிர் டப்பா ஒன்றில் ஒன்றரை லிட்டர் பெயின்ட் ஊற்றிக் கொடுத்தார். டப்பாவின் மேல் மார்க்கரில் கலர் நம்பரும் எழுதியிருந்தது. எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வெயில் தாங்காமல் ஹாலில் ஏசி மாட்டினோம். எலக்ட்ரீஷியன் பாயின்ட்டுக்காகச் சுவரைக் கொத்தினார், பழைய ஷெல்ஃபைக் கழற்றியதில் நாலைந்து ஓட்டை வேறு. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன், ஒரு பையனை அனுப்பினார். அவன் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் எமரி போட்டுத் தேய்த்து, பெயின்ட்டுக்கு முன்னால் அடிக்க வேண்டிய அடிப்பூச்சான பிரைமர் எதுவும் அடிக்காமல் நேராக அந்தத் தயிர் டப்பா பெயின்ட்டைப் பிரஷ்ஷால் பூசினான். ஈரத்தில் வெளிறித் தெரிந்தது. "காஞ்சா சேந்துக்கும் சார்." காய்ந்தது, கலர் சேர்ந்தது, ஆனால் அந்த இடம் மட்டும் மங்கலாக நின்றது. மறுநாள் இன்னும் கொஞ்சம் அகலமாக அடித்தான், தேமலும் அகலமானது. மூன்றாம் தடவை காண்ட்ராக்டரே வந்து பார்த்துவிட்டு, "சுவரு பழசாயிடுச்சு சார், வெயில்ல நிறம் இறங்கியிருக்கு" என்றார். அடித்து நாலு மாதம்! ஷோகேஸ் மறைத்துவைத்திருந்த பக்கமும் வெளியே தெரிந்த பக்கமும் ஒரே நிறமாகத்தான் இருந்தன.

துப்பு கிடைத்தது என் மனைவியால். காலி வாளிகளை அவர்கள் அள்ளிக்கொண்டு போகும்போது, மாடித் தோட்டத்துக்கு வேண்டும் என்று ஒரு பத்து லிட்டர் வாளியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள், தக்காளிச் செடி வைக்க. அதன் மூடி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. கலர் கலக்கும் மெஷின் அடித்துத் தருகிற ஸ்டிக்கர் அதில் அப்படியே இருந்தது: கலர் நம்பர் எங்களுடையதுதான், ஆனால் பெயின்ட் அதே கம்பெனியின் அடிமட்ட ரகம். அதாவது ஹாலுக்கு மட்டும் பேசின பெயின்ட், அறைகளுக்கு மலிவு ரகம், தயிர் டப்பாவில் கொடுத்ததும் அந்த மலிவு ரகத்தின் மிச்சம். அறைச் சுவரை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன், துணியில் கலர் வந்தது.

அந்த மூடியை எடுத்துக்கொண்டு வேறு ஒரு பெயின்ட் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் பொறுமையாகச் சொன்னார்: கலர் நம்பர் என்பது நிறத்துக்கான கணக்கு மட்டும்தான், அதே நம்பரை வேறு ரகத்திலும் கலக்கலாம். பளபளப்பு, பெயின்ட்டில் இருக்கிற பசைக்கும் மாவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. மலிவு ரகத்தில் பசை குறைவு, மாவு அதிகம், அதனால்தான் மங்கல். போதாததற்கு, பிரைமர் அடிக்காத பட்டி மேலே பூசுகிற பெயின்ட்டின் பசையைக் குடித்துவிடும், அது இன்னொரு மங்கல். ரோலர் உருட்டின சுவரில் பிரஷ் போட்டால் கோடு கோடாக வேறு தெரியும். அசல் பெயின்ட்டே இருந்திருந்தாலும் இந்தப் பளபளப்பில், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற சுவரில், சுத்தமாக மறைவது சந்தேகம்தான் தம்பி, மூலையிலிருந்து மூலைக்கு முழுச் சுவரையும் அடித்துவிடு என்றார்.

காண்ட்ராக்டரிடம் மூடியைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நேரில் பிடித்தபோது, "கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான் சார்" என்றார். சரி, அந்தக் கடை பில்லைக் காட்டுங்கள் என்றேன். இன்றுவரை காட்டிக்கொண்டே இருக்கிறார்.

கடைசியில் வேறு ஆள் வைத்து அந்த ஹால் சுவரை எமரியால் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டு, மேட் பெயின்ட் அடித்தோம். மேட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, அதனால் ஒட்டுப்போட்டாலும் சுலபத்தில் காட்டிக்கொடுக்காது. சாதாரண மேட்டைத் துடைக்க முடியாது என்பது குறைதான், அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மினுங்க ஆரம்பித்துவிடும். சமையலறைக்கும் சின்னப் பிள்ளைகள் கை வைக்கிற நடைக்கும் நான் இப்போதும் கொஞ்சம் மினுப்பு உள்ளதைத்தான் சொல்வேன். ஹாலுக்கு, அதுவும் பெரிய ஜன்னல் பக்கச் சுவருக்கு, வேண்டவே வேண்டாம்.

இந்தத் தடவை பெயின்ட்டை நானே வாங்கினேன். பெயின்டருக்கென்று கம்பெனி வாளிக்குள் போடுகிற பரிசு டோக்கனைப் பெயின்டரே எடுத்துக்கொள்ளட்டும், அது ஊர் வழக்கம், நமக்கு எதற்கு. ஆனால் ஒவ்வொரு மூடியையும் வீட்டு ஆள் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஸ்டிக்கரையும் பேட்ச் நம்பரையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஒரே சுவருக்கு இரண்டு வாளி தேவைப்பட்டதால் இரண்டையும் முதலிலேயே ஒன்றாகக் கலக்கச் சொன்னேன், பேட்ச் மாறினால் நிறமும் ஒரு நூல் மாறும். தண்ணீர் கலக்காத பெயின்ட் இரண்டு லிட்டரைத் தனியே எடுத்து இறுக்கி மூடி, எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்கள் என்பதையும் அதன் மேலேயே எழுதிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். டச்சப்புக்கென்று நாலு அங்குல ரோலர் ஒன்றும் அதோடு இருக்கிறது. போன வாரம் நாற்காலி இடித்துப் பேந்த இடத்தில் பட்டி, பிரைமர், அப்புறம் ஓரத்தை இழைத்துவிட்டு ரோலர் என்று நானே போட்டேன். காலை எட்டு மணிக்கு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துத் தேடினால்தான் தெரிகிறது.

நேற்று அடுத்த தெருவில் அந்தக் காண்ட்ராக்டரின் ஏணி ஒரு வீட்டு வாசலில் சாய்ந்திருந்தது. வீட்டுக்காரர் வெளியேதான் நின்றார். என் போனில் இருந்த மூடிப் படத்தைக் காட்டி, உள்ளே இருக்கிற வாளியின் ஸ்டிக்கரைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.