நானூறு பவுண்டுக்கு ஒரு செதுக்கு வேலை: பழைய ஷாட்கன் ஏலத்தின் பார்வை நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய சேகரிப்பாளர் எல்லாம் கிடையாது. பர்மிங்ஹாமில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்தில் வீசுகிற களிமண் தட்டைச் சுடப் போவேன், போலீஸ் கொடுத்த ஷாட்கன் சான்றிதழ் இருக்கிறது, சுவரோடு முடுக்கிய இரும்பு அலமாரியில் ரெண்டு துப்பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பழைய ஆங்கிலேய இரட்டைக் குழல் துப்பாக்கிகளின் இரும்பில் வெட்டியிருக்கும் கொடியையும் பூவையும் பார்க்கிற பைத்தியம் பிடித்து நாலைந்து வருடம் ஆகிறது. லண்டனில் ஒரு ஏலக்காரர்கள் (குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்) ஏலத்துக்கு முன்னால் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்க விடுகிறார்கள். போன தடவை போனேன், ஒன்றை வாங்கியும் வந்தேன்.

கையில் எடுத்துப் பார்ப்பது என்பதுதான் இதில் முழு விஷயமும். மியூசியத்தில் கண்ணாடிக்குள் படுக்க வைத்திருப்பதை நேராக நின்று பார்த்தால் பாதி வேலை கண்ணில் படாது. சாய்க்க வேண்டும், மெதுவாகத் திருப்ப வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் வெளிச்சம் இறங்கி ஏறும். இங்கே அதைச் செய்யலாம், அவசரப்படுத்துவதில்லை, ஆனால் கூரை முழுக்க வெள்ளை ட்யூப் லைட்! மேலிருந்து தட்டையாக அடிக்கிற அந்த வெளிச்சத்தில் ஆயிரம் மணி நேர வேலையும் சாம்பல் பூசிய தகடு மாதிரி கிடக்கிறது. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு ஜன்னல் பக்கம் எடுத்துப் போக வேண்டியிருந்தது. அந்தப் பணியாளர் முகம் சுளிக்காமல் கூடவே வந்தார், அதற்கு நன்றி.

முதலில் ஒரு பர்டி. 1814-இல் ஆரம்பித்த லண்டன் துப்பாக்கிக் கம்பெனி, வாசல் பக்கம் போனாலே பர்ஸ் நடுங்கும் ரகம். அவர்களுடைய வழக்கமான வேலை குட்டி ரோஜாக் கொத்துகள், அதைச் சுற்றிலும் நெருக்கமாகச் சுருள்கள். நகைக்கடை லென்ஸை வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது, ஒரு சுருள் மிளகு அளவுகூட இல்லை, அதற்குள் மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றின் வயிற்றிலும் நிழலுக்காக மயிரிழைக் கோடுகள். பக்கத்திலேயே ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்கிற இன்னொரு லண்டன் கம்பெனியின் ராயல் மாடல். அது நேர் எதிர், பெரிய இலைக்கொடி, ஆழமான வெட்டு, ரெண்டடி தள்ளி நின்றாலும் தெரியும். பாஸ் என்கிற கம்பெனியுடையதும் ஒன்று இருந்தது, வட்ட வட்டமான பூக்கள், சுற்றிலும் பொடிச் சுருள். எனக்கு பர்டிதான். ராயலைப் பார்த்ததும் பிடித்துவிடுகிறது, பர்டியை அரைமணி நேரம் கழித்துத்தான் பிடிக்கிறது.

ஸ்க்ரூக்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல துப்பாக்கியில் ஸ்க்ரூத் தலையின் மேலேயும் பூ வெட்டியிருப்பார்கள், பக்கத்துக் கொடி ஸ்க்ரூ மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். கடைசி வரை முடுக்கினால் எல்லாப் பிளவும் குழலின் போக்கிலேயே ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும்படி செய்திருப்பார்கள். ஒரு பிளவு கோணலாக நின்றாலோ அதன் ஓரம் பிய்ந்திருந்தாலோ, யாரோ வீட்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்து உள்ளே கைவைத்திருக்கிறார் என்று அர்த்தம். கேட்டலாக் படத்தில் இது எதுவும் தெரியவில்லை. ‘அருமையான நிலை’ என்று போட்டிருந்த ஒன்றில் மூன்று ஸ்க்ரூ மூன்று திசை பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் இத்தாலிய வேலை ஒன்று, கார்தோனே வால் ட்ரோம்பியா பக்கத்திலிருந்து. பெரெட்டா துப்பாக்கிக் கம்பெனி இருக்கிற ஊர், 1526-லேயே வெனிஸுக்குக் குழல் விற்ற கணக்கு இருக்கிற குடும்பம். அந்தப் பக்கத்தில் புலினோ என்று ஒரு முறை, சுத்தியல் கிடையாது, கூர் உளியைக் கையாலேயே தள்ளிப் புள்ளி புள்ளியாக, மெல்லிய கோடாகக் குத்தி ஃபோட்டோ மாதிரி நிழல் கொண்டு வருவார்கள். ஃபிர்மோ ஃப்ராகாஸி என்பவர் இதில் பெரிய பெயர். நான் பார்த்ததில் (அவருடையது இல்லை) கவுதாரியின் இறகை எண்ணலாம் போல இருந்தது. வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. வெட்டு அவ்வளவு மேலோட்டமானது, கைபட்டால் தேயும், அதனால் பெட்டிக்குள்ளேயே வாழப் பிறந்த துப்பாக்கி அது. இங்கிலாந்துச் சுருள் மழையில் நனைந்து, எண்ணெய்த் துணியில் துடைபட்டு, நூறு வருடம் கழித்தும் நிற்கிறது.

தேய்மானத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம். செதுக்கும்போது இரும்பு மிருதுவாக இருக்கும். செதுக்கி முடித்த பிறகு எலும்புக் கரி, தோல் கரியோடு பெட்டியில் அடைத்து, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் கொட்டுவார்கள். மேல்தோல் கெட்டியாகும், கூடவே நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் கலந்து ஒரு மேகம் படரும். அந்த நிறம் கைபட்டுப் பட்டுப் போய்விடும், முதலில் போவது துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கும் அடிப்பக்கம். அதனால் நான் முதலில் துப்பாக்கியைத் திறக்கிற மேல் லீவரைத் தள்ளி அதற்கு அடியில்தான் பார்ப்பேன், கை போகாத இடம், அங்கே பழைய நிறம் ஒளிந்திருக்கும். வெளியே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பளபளவென்று புலிவரி நீலம் இருந்தால் அது யாரோ பிறகு ஏற்றியது. மறுபடி வெட்டியதும் அப்படித்தான், பூ கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும், பக்கத்தில் கம்பெனிப் பெயர் மட்டும் பாதி அழிந்திருக்கும். அன்றைக்கு இப்படி ஒன்று இருந்தது, லென்ஸில் பழைய கோடும் புதுக் கோடும் ஒட்டாமல் ரெட்டையாகத் தெரிந்தன. கேட்டலாக்கில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதுதான் என் பெரிய குறை.

சரி, வாங்கினது. பர்மிங்ஹாமில் செய்த ஒரு பாக்ஸ்லாக், அதாவது சுடும் பொறி நடு இரும்புக்குள்ளேயே அடங்கிய வகை, 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் ஆன்சனும் டீலியும் காப்புரிமை எடுத்த அமைப்பு. மேலே ஒரு சின்ன ஊர்க் கடைக்காரரின் பெயர். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான், செய்வது பர்மிங்ஹாம், பெயர் கடைக்காரருடையது, செதுக்கினவர் பெயர் எங்கேயும் கிடையாது. பொறியைப் பக்கத் தகட்டில் மாட்டுகிற சைட்லாக் மாதிரி பக்கவாட்டில் பெரிய தகடு இல்லை, இருக்கிற கொஞ்ச இடத்தில் அடர்த்தியான சுருள், அடியில் ஒரு நாய். நாய் என்று மற்றவர்கள் சொன்னதால் நாய், எனக்கு ஆடு. சாதாரண துப்பாக்கிகளில் மிருகங்கள் இப்படித்தான் வரும், சுருளை வைத்துத்தான் கையை எடை போட வேண்டும். தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கிற பொத்தானுக்கு அடியில் SAFE என்கிற எழுத்தைத் தங்கக் கம்பி அடித்து இறக்கியிருக்கிறார்கள், நாலு எழுத்தும் அரிசிமணி நீளத்துக்குள். ஊரில் பத்தர் கடை வாசலில் உட்கார்ந்து மோதிரத்தில் பெயர் வெட்டுவதை மணிக்கணக்காகப் பார்த்தவன் நான், அந்த F-இன் கால் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஏலத்தில் 420 பவுண்டு. அதற்கு மேல் கமிஷன், கமிஷனுக்கு வரி என்று சேர்த்து 546 ஆகிவிட்டது. முதல் தடவை போகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கை தூக்குங்கள். இன்னொன்று, இந்த மாதிரிப் பழசில் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்தவை, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், அதைவிட நீளமான 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டுவிடாதீர்கள். துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் குழலைக் காட்டிவிட்டுத்தான் நான் சுட்டேன். ஒரு போனின் விலைகூட இல்லாத பணத்துக்குக் கையால் வெட்டின வேலை கிடைக்கிறதென்றால், பழைய பாக்ஸ்லாக்கை யாரும் சீந்துவதில்லை என்பதுதான் காரணம். என்னைப் போன்றவர்களுக்கு நல்லது.

பார்வை நாளுக்குப் பத்துக்கு ஏழு, வெளிச்சத்துக்கும் கேட்டலாக்குக்கும் மூன்று போச்சு. துப்பாக்கிக்கு ஒன்பது.

வாங்கி வந்த வாரம், பழைய டூத் பிரஷ்ஷில் எண்ணெய் தொட்டு வெட்டுகளுக்குள் இறுகிப் போயிருந்த அழுக்கை எடுத்தேன். இடது பக்கச் சுருள்களுக்கு நடுவில் ஒரு ஒல்லியான இலை தெரிந்தது, வலது பக்கம் அதே இடத்தில் இலை இல்லை. லென்ஸை வைத்தேன். இலையின் நடு நரம்பு மற்றக் கோடுகளைவிட ஆழம், நுனி தாண்டி ஒரு நூல் அளவு ஓடியிருக்கிறது. உளி வழுக்கியிருக்கிறது, மனுஷன் அதைச் சுற்றி இலை போட்டுவிட்டு அடுத்த சுருளுக்குப் போயிருக்கிறார்.