கைதாகிப் போன மண்டபம் எப்படி?

தம்பி மகன் நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் தேடியபோதுதான் ஒன்று உறைத்தது. சேலத்தில் எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த மண்டபம் ஒன்றே ஒன்றுதான். மூன்று முறை அங்கே போயிருக்கிறேன். மூன்று முறையும் யாரும் பத்திரிகை வைக்கவில்லை, போலீஸ் வேனில் கூட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

மண்டபத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோட்டை மைதானத்தில் வேன் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடலாம், அவ்வளவு போதும். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 1989-ல், பிள்ளைகளுக்கு முட்டை போட ஆரம்பித்த வருஷம், வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெற்றபோது கையில் வந்தது மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம். ஏன் மறியலுக்குப் போனேன் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆர்ப்பாட்டம் என்றால் அனுமதி வாங்கி, வெயிலில் நின்று கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மறியல் என்றால் கைது, சாயங்காலம் வரை மண்டபம். அதனால் மறியலுக்கு வருகிறவர்கள் தயாராகவே வருவார்கள்: பையில் சுகர் மாத்திரை, ஒரு துண்டு, தட்டுவடைப் பொட்டலம். வேன் வந்ததும் 'ஏறுங்கம்மா' என்பார்கள். நாங்களும் இரண்டு கோஷம் போட்டு, கொஞ்சம் தள்ளுமுள்ளு காட்டிவிட்டு ஏறுவோம். முன்சீட்டுக்குத்தான் உண்மையான சண்டை நடக்கும்.

இனி மண்டபம். மேலே கல்யாணக் கூடம், கீழே சாப்பாட்டுக் கூடம். எங்களை வைத்தது மேலே. படி பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு அடுக்கு, கைப்பிடி உறுதியானது. ஆனால் முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள், லிஃப்ட் கிடையாது. மின்விசிறி இருபத்துநாலு. முதல் முறை போனபோது பத்தொன்பது சுற்றியது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? காலை பதினொன்றரையிலிருந்து மாலை ஆறு வரை ஒரு கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள், நீங்களும் எண்ணுவீர்கள்.

கழிவறைதான் பெரிய குறை. பெண்கள் பக்கம் நான்கு, அதில் ஒன்றுக்குக் கொக்கி இல்லை. இருநூறு பெண்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும். மணமகள் அறையில் நல்ல கழிவறை இருக்கிறது, ஆனால் அதன் சாவி காவலுக்கு வந்த பெண் போலீஸாரிடம் இருந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதிகாலையிலிருந்து நின்றபடி வேலை. அதில் ஒரு பெண், "உங்களுக்காவது சங்கம் இருக்குதுங்க அக்கா, நாங்க எங்க போய் மறியல் பண்றது?" என்று கேட்டாள். தட்டுவடையில் பாதி அவளுக்குத்தான் போனது.

மேடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மதிப்பீடு முழுமையாகாது. முந்தின நாள் கல்யாணத்தின் அலங்காரத்தைக் கழற்றியிருக்கவில்லை. தெர்மாகோலில் வெட்டிய மாப்பிள்ளை, பெண் பெயர்களுக்குக் கீழே நின்று எங்கள் மாவட்டச் செயலாளர் காலமுறை ஊதியத்தைப் பற்றி, அதாவது மற்ற அரசு ஊழியர்களைப் போல எங்களுக்கும் முறையான சம்பள விகிதம் வேண்டும் என்று, முக்கால் மணி நேரம் பேசினார். பின்னால் இரண்டு மயில்கள். ஒலி எதிரொலிக்கிறது, நாதஸ்வரம் வைப்பவர்கள் கவனிக்கவும்.

சாப்பாடு என் தொழில், அதில் சலுகை காட்ட மாட்டேன். முதல் முறை கொடுத்த தக்காளி சாதம் சுமார்கூட இல்லை. அரிசி குழைந்து, கடுகு வெடிக்காமல் கறுத்துக் கிடந்தது. எங்கள் மையத்தில் அப்படிப் போட்டிருந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே தட்டைத் திருப்பித் தந்திருக்கும். இரண்டாம் முறை சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. பருப்பு தாராளம், பெருங்காய வாசம் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே வந்தது. விசாரித்தேன், மண்டபத்தின் சமையல்காரரே செய்தாராம். மூன்றாம் முறையும் அவர் கைதான். நிச்சயதார்த்தத்துக்கு அவரையே பேசி முடித்தேன்.

உபசரிப்பு? குறை சொல்ல முடியாத மரியாதை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

போராட்டத்திலும் அடக்குமுறையிலும் எங்கள் ஊர் பழைய ஊர். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாளை இன்றைக்கும் நினைவுகூர்கிறவர்கள் இருக்கிறார்கள். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரேயடியாக 1,70,000-க்கு மேற்பட்ட அரசு ஊழியர், ஆசிரியர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். என் வீட்டுக்காரர் அதில் ஒருவர். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று அந்த ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் அவர் திரும்ப வேலைக்குப் போனார். எழுதிய ராத்திரி அவர் சாப்பிடவில்லை. 2018-ல் எட்டு வழிச் சாலை, சென்னையிலிருந்து இங்கே வரை 277 கிலோமீட்டர். நிலம் எடுக்க அளவுக்கல் நட வந்தபோது எதிர்த்துப் பேசியவர்களை ஜூன் மாதம் அடுத்தடுத்துக் கைது செய்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது, அடுத்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு மாற்றிவிட்டது. 2021-ல் ஆட்சி மாறியதும் அந்தப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகச் சட்டசபையில் அறிவிப்பு வந்தது.

இதையெல்லாம் பார்த்தவளுக்கு மின்விசிறியும் சாம்பார் சாதமும் சொர்க்கம்தானே என்று என் தம்பியே கேட்டான். இருக்கலாம். ஆனால் மூன்று முறையிலும் அந்த மாடிப்படியில் ஏறி வந்த பெரிய அதிகாரி என்றால் இன்ஸ்பெக்டர் மட்டும்தான். மனுவை நீட்டினால், 'மேல அனுப்பிடறோம்மா' என்று வாங்கி, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, நமக்கே திருப்பித் தந்துவிடுவார். பெயர், வீட்டுக்காரர் பெயர், வயது, முகவரி, போன் நம்பர் எழுதிக்கொள்வார்கள். என்ன கேட்டு வந்தோம் என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

சங்கத்து வக்கீல் தம்பி ஒருமுறை எங்களோடு உட்கார்ந்திருந்தார். கூட்டம் எங்கே, எப்போது என்று அரசு ஒழுங்குபடுத்தலாமே தவிர, ஒரேயடியாகத் தடுக்க முடியாது என்று 1972-லேயே அகமதாபாத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். முன்னெச்சரிக்கைக் கைது என்றால் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது என்றும் சொன்னார். "அதனால்தான் தம்பி நம்மளை யாரும் தடுக்கறதும் இல்லை, வைக்கறதும் இல்லை, ஆறு மணிக்கு டீ குடுத்து அனுப்பிடறாங்க" என்றாள் எங்கள் ஓமலூர் அக்கா. அவர் சிரித்துவிட்டார்.

கட்சிகளைப் பற்றி ஒரு வரி. எதிர்க்கட்சியாக இருக்கும்போது பந்தலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆளுங்கட்சியானால் மண்டபத்துக்கு அனுப்புவார்கள். இரண்டு கொடிக்காரர்களிடமும் பார்த்துவிட்டேன்.

சரி, வாடகைக்கு வருவோம். அரை நாளுக்கு 45,000, கரன்ட் மீட்டர்படி, துப்புரவு 3,000 தனி. மேனேஜர் என்னைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"அம்மா, நம்ம மண்டபத்துக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

"மூணு தடவை."

"யார் வீட்டு விசேஷமுங்க?"

"சத்துணவு வீட்டு விசேஷம்" என்றேன். மனிதருக்குப் புரிந்துவிட்டது. போலீஸ் வாடகை தருகிறார்களா என்று கேட்டேன், காபி சொன்னார். முகூர்த்த நாளில் போலீஸ் மண்டபம் கேட்டால் என்ன செய்வீர்கள், எங்கள் விசேஷம் நடுவில் நின்றுவிடுமா என்றும் கேட்டேன். அன்றைக்குக் கேட்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அவர் சொன்னது உண்மைதான். நான்காவது மறியல் ஒரு வைகாசி முகூர்த்தத்தில் விழுந்தது. ஊரில் ஒரு மண்டபமும் காலி இல்லை. வேனிலேயே சுற்றி, கடைசியில் மின்விசிறி இல்லாத ஒரு சமுதாயக் கூடத்தில் இறக்கி, இரண்டரை மணிக்கே போகச் சொல்லிவிட்டார்கள். இனிமேல் தேதி குறிக்கும்போது காலண்டரில் முகூர்த்தம் பார்த்துக் குறிக்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் சொன்னேன். "பஞ்சாங்கம் பார்த்துப் போராட்டமா?" என்று செயலாளர் கடிந்துகொண்டார். ஆனால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

முன்பணம் கொடுக்கும்போது ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன்: பெண்கள் கழிவறையில் அந்தக் கொக்கி. மறுநாள் சாயங்காலமே படம் அனுப்பிவிட்டார், பித்தளைக் கொக்கி, புதுசு. நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. மணமகள் அறைச் சாவி அன்றைக்கு என் இடுப்பில் இருந்தது.

எழுபது, எண்பது பேர் வரும் விசேஷத்துக்குத் தாராளமாக எடுக்கலாம். செருப்பு விட மட்டும் சரியான இடம் இல்லை, மாடிப்படிக்குக் கீழே குவித்துவிடுகிறார்கள். இரண்டாம் மறியலில் போன என் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.