வேலூரில் மதர்போர்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

6,800 ரூபாய் போச்சு. வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. சர்வீஸும் உதிரி பாகமும் சேர்த்துப் பார்க்கிற சின்னக் கடை, அவ்வளவுதான்.

காட்பாடியில் கல்யாண ஆல்பம், வீடியோ வேலை செய்கிறேன். முகூர்த்த சீசனில் என் கம்ப்யூட்டரின் மதர்போர்டு, அதாவது எல்லா பாகத்தையும் இணைக்கிற போர்டு, போய்விட்டது. மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர், டிடிஆர்3 ராம் இரண்டும் நன்றாக இருந்ததால் போர்டு மட்டும் வேண்டும். கேமரா கார்டிலிருந்து வேகமாக ஏற்ற யூஎஸ்பி 3.0, என்விஎம்இ என்கிற வேகமான எஸ்எஸ்டி போட எம்.2 ஸ்லாட், இரண்டும் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் உட்கார வைத்து, டீ வரவழைத்து, பிள்ளைகள் படிப்பு வரை விசாரித்தார். அப்புறம் மதர்போர்டில் யூஎஸ்பி செருகுகிற நீல நிற போர்ட்டைக் காட்டி, "நீலமா இருந்தா 3.0தான் சார். புது பீஸ், ஒரு வருஷம் வாரன்டி. ஏதாச்சும்னா நான் இருக்கேன்" என்றார். அந்த "நான் இருக்கேன்"-ஐ நம்பித்தான் 6,800 ரூபாயை எண்ணி வைத்தேன். பில் கேட்டால், பிரின்டர் ரிப்பேராம், நாளைக்காம்.

மாட்டினால், காப்பி வேகம் நொடிக்கு 30 எம்பியிலேயே நின்றது. அந்த யூஎஸ்பி போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். 3.0 என்றால் நான்கு பின்னோடு இன்னும் ஐந்து இருக்க வேண்டும். இதில் நான்கே நான்கு. நீலம் வெறும் பிளாஸ்டிக்! உள்ளே என்ன பாகம் என்று காட்டுகிற சிபியு-இசட் சாப்ட்வேரைப் போட்டால், போர்டின் முக்கிய சிப்பான சிப்செட் எச்61 என்று காட்டுகிறது. 2011இல் வந்த சரக்கு. அதில் யூஎஸ்பி 3.0 கிடையாது, தனி சிப் வைத்தால்தான் உண்டு. அதுவும் வைக்கவில்லை. எம்.2 இருக்கிறது, ஆனால் சாட்டா என்கிற மெதுவான வகை எஸ்எஸ்டியை மட்டும்தான் எடுக்கிறது. பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கிற பக்கத்து மாஸ்பெட்டுகளுக்கு, சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கும் இல்லை. வேலூர் வெயிலில் ராத்திரி பகலாக ரெண்டர் ஓடும் மெஷின் இது.

திருப்பிக் கொண்டுபோனால் "உங்க கார்டு ரீடர் பழசு." அப்புறம் "விண்டோஸ் மாத்திப் பாருங்க." அப்புறம் ஓனர் சரக்கெடுக்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போயிருக்கிறாராம். கடைசியில் எனக்கு விற்ற அதே மனிதர் என் முகத்தைப் பார்த்து, "பில் இருக்கா சார்?" என்கிறார். பில் தராதவரே கேட்கிறார்! 6,800 ரூபாய், மூன்று கல்யாண ஆர்டர்களின் முன்பணம்.

வாங்கும் முன் சிப்செட் பெயரைக் கேளுங்கள், மாடல் எண்ணைப் போர்டிலேயே படித்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள், பின்னை எண்ணுங்கள். எம்.2 என்றால் என்விஎம்இயா சாட்டாவா என்று எழுதி வாங்குங்கள். பில் வராமல் பணம் நகரக் கூடாது. பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் புகார் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் கொடுங்கள்.