ஐந்துக்கு மூன்று: ஒரு எல்ஜிபிடி பயிற்சி வகுப்பும் அதில் ஒரே ஸ்லைடில் முடிந்துபோன இருபாலீர்ப்பும்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று. திருநர் பற்றிய பகுதிக்கு மட்டும் என்றால் நாலரை கொடுத்திருப்பேன். இருபாலீர்ப்பினர், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர் மீது ஈர்ப்பு வரக்கூடியவர்கள், பற்றிய பகுதிக்கு மட்டும் என்றால் ஒன்று, அதுவும் எழுத்துப்பிழை இல்லாமல் போட்டிருக்கிறார்களே என்பதற்காக.

பெண்களை விரும்பும் பெண்கள் (லெஸ்பியன்), ஆண்களை விரும்பும் ஆண்கள் (கே), இருபாலீர்ப்பினர், திருநர், சுருக்கமாக எல்ஜிபிடி, மக்களைப் புரிந்துகொள்வதற்காக அலுவலகங்களும் தன்னார்வக் குழுக்களும் வாங்கித் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கிற இணையவழிப் பயிற்சி இது. பதிவு செய்த வீடியோக்கள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குவிஸ், கடைசியில் பயிற்சியாளருடன் நேரலை உரையாடல், எல்லாம் முடித்தால் சான்றிதழ். எங்கள் நிறுவனம் வாங்கியது, நானும் செய்தேன். நான் இருபாலீர்ப்பு உள்ள ஆள் என்பதால் சிலர் ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்த வீடியோக்களைக்கூட நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை. கருத்து எழுதி அனுப்பினால் படித்துத் திருத்துகிற ஆட்கள்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

நல்லதை முதலில் முடித்துவிடலாம். வசனவரி எல்லா வீடியோவிலும் ஒழுங்காக வருகிறது, பாதியில் விட்டுவிட்டு வந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது, குரல் தூங்கவைப்பதில்லை. திருநர் பகுதியைத் திருநங்கைகளும் திருநம்பிகளுமே பேசி எடுத்திருக்கிறார்கள், அந்த வித்தியாசம் பார்த்தவுடனே தெரிகிறது. யாரும் யாருக்காகவும் பரிதாபப்படுவதில்லை, எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்று நேராகச் சொல்கிறார்கள்.

அப்புறம் இருபாலீர்ப்பு. ஒரு ஸ்லைடு. "ஆண், பெண் இருவர் மீதும் ஈர்ப்பு உடையவர்" என்று ஒரு வரி, பக்கத்தில் கொடி, அடுத்த பொத்தான். அவ்வளவுதான். கொடியும் தப்பு! இந்தக் கொடியை வடிவமைத்த மைக்கேல் பேஜ் 1998 டிசம்பரில் வெளியிட்டதில் இளஞ்சிவப்பும் நீலமும் அகலமாக இருக்கும், நடுவில் இரண்டும் கலக்கிற ஊதாப்பட்டை அதில் பாதி அகலம்தான், 40, 20, 40 என்ற கணக்கு. இவர்கள் மூன்றையும் சம அகலத்தில் போட்டிருக்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் மற்ற கொடிகள் எல்லாம் சரியாக இருக்கும்போது இது மட்டும் கண்ணில் உறுத்துகிறது.

அந்த ஒற்றை வரி விளக்கம்தான் மற்ற தலைவலிகளுக்கெல்லாம் காரணம். ராபின் ஓக்ஸ் என்ற இருபாலீர்ப்புச் செயல்பாட்டாளரின் விளக்கம் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர் மீது ஈர்ப்பு வரக்கூடும், அது ஒரே நேரத்தில் வரவேண்டியதில்லை, ஒரே விதமாகவும் வேண்டியதில்லை, ஒரே அளவிலும் வேண்டியதில்லை. இதைப் போட்டிருந்தால் "அப்போ பாதிக்குப் பாதியா?", "இப்போது யார் பக்கம்?", "ஒருவரோடு வாழ்ந்தால் இன்னொன்று போய்விட்டதா?" என்று நேரலையில் வந்த கேள்விகளில் பாதி வந்தே இருக்காது. அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டு கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணக்கில், தங்களை எல்ஜிபிடி என்று சொன்ன பெரியவர்களில் 54.6 சதவீதம் பேர் இருபாலீர்ப்பினர். பாதிக்கும் மேற்பட்ட ஆட்களுக்கு ஒரு ஸ்லைடு, அதிலும் கொடி பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது.

குவிஸுக்கு வருவோம், எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது அங்கேதான். படத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கைகோத்து நிற்கிறார்கள், இவர்கள் எந்த வகைத் தம்பதி என்று கேள்வி. "பார்த்துச் சொல்ல முடியாது" என்று ஒரு விடையும் இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்தேன். தவறு என்று சிவப்பில் வந்தது. சரியான விடை "எதிர்பாலீர்ப்புத் தம்பதி"யாம். அடுத்த படத்தில் இரண்டு பெண்கள், விடை "லெஸ்பியன் தம்பதி". ஒருவரின் ஈர்ப்பை அவர் பக்கத்தில் நிற்கிற ஆளை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய வகுப்பு, அதையே செய்யச் சொல்லி மதிப்பெண் போடுகிறது. பியூ ஆய்வு மையம் 2013-இல் அமெரிக்காவில் எல்ஜிபிடி மக்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், நிலையான உறவில் இருக்கும் இருபாலீர்ப்பினரில் 84 சதவீதம் பேரின் துணை எதிர்பாலினத்தவர். அதாவது இந்தக் குவிஸின்படி அவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தச் சமூகத்திலேயே கிடையாது. அதே கணக்கெடுப்பில், தங்களுக்கு முக்கியமானவர்களில் எல்லோருக்குமோ பெரும்பாலோருக்கோ விஷயம் தெரியும் என்று சொன்னவர்கள் கே ஆண்களில் 77 சதவீதம், லெஸ்பியன்களில் 71 சதவீதம், இருபாலீர்ப்பினரில் வெறும் 28. ஏன் வெளியே சொல்வதில்லை என்று கேட்பவர்கள் அந்தக் குவிஸை ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்.

வரலாற்றுப் பகுதி படங்களோடு அழகாக ஓடுகிறது, 1969-இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனையை எதிர்த்து எழுந்த கலகம், அடுத்த வருடம் அங்கே அதன் முதல் ஆண்டு நினைவு ஊர்வலம், பிரைடு ஊர்வலங்களின் தொடக்கம். அந்த ஊர்வலத்தை ஒருங்கிணைத்தவர்களில் முக்கியமானவர் ப்ரெண்டா ஹோவர்டு, அவரைப் பிரைடின் தாய் என்றே அழைப்பதுண்டு, அவர் வெளிப்படையாக இருபாலீர்ப்பினர். ஊர்வலம் இருக்கிறது, அவர் இல்லை. ஸ்டோன்வாலுக்கும் முன்பே, 1966-இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர் அமைப்பைத் தொடங்கிய ஸ்டீபன் டொனால்ட்சனும் இருபாலீர்ப்பினர்தான், அந்த அமைப்பைப் பற்றி ஒரு வரி வருகிறது, ஆனால் அவரைக் "கே மாணவர்" என்று எழுதிக் கடந்துவிடுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1983-இல் தொடங்கிய பைபோல் என்ற அமைப்பும், அடுத்த வருடம் அங்கே அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் மாநாடு நடந்தபோது வெளியே அவர்கள் நடத்திய இருபாலீர்ப்பு உரிமைப் பேரணியும் சுத்தமாக இல்லை.

சம உரிமை கேட்டு 1993-இல் நடந்த வாஷிங்டன் பேரணி மட்டும் வருகிறது, ஆனால் அதன் பெயரில் "பை" (இருபாலீர்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்) என்ற சொல் எப்படி வந்தது என்பது வரவில்லை. அது தானாக வந்துவிடவில்லை, செயல்பாட்டாளர்கள் ஏற்பாட்டுக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டு வாங்கியது. (அதே பேரணியின் பெயரில் திருநருக்கு இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே வந்தவர்கள் கதவை முழுதாகத் திறந்து வைத்தார்கள் என்று யாரும் பெருமை பேச முடியாது.)

நேரலை உரையாடல்தான் இந்த வகுப்பின் உயிர். பயிற்சியாளர் கே ஆண், பொறுமையான மனிதர், யார் என்ன கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை. "இது ஒரு கட்டம்தானே, கடைசியில் ஒரு பக்கம் போய்விடுவார்கள்தானே" என்று ஒருவர் கேட்டார். "சிலருக்கு அப்படித்தான், நானே முதலில் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வெளியே வந்தேன்" என்று சிரித்தபடி சொன்னார். அவர் வாழ்க்கை அவருக்கு, அதில் தப்பில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எல்லோர் மனதிலும் இருபாலீர்ப்பு என்றால் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் ஸ்டேஷன் என்று பதிந்திருக்கும். உளவியலாளர் லிசா டயமண்ட் 79 பெண்களைப் பத்து வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. தங்களை இருபாலீர்ப்பினர் என்றோ பெயர் எதுவும் வேண்டாம் என்றோ சொன்ன பெண்கள் பெரும்பாலும் அந்த இரண்டுக்குள்ளேயேதான் மாறினார்கள், லெஸ்பியன் என்றோ எதிர்பாலீர்ப்பு என்றோ போய் நின்றவர்கள் குறைவு. இடைக்காலக் கட்டம் என்ற பேச்சுக்கு அந்த ஆய்வில் ஆதரவு கிடைக்கவில்லை. இதை நான் சாட்டில் போட்டேன், பயிற்சியாளர் சத்தமாக வாசித்தார். வேறு சிலர் மழுப்பியிருப்பார்கள், அதற்காக ஒரு அரை மதிப்பெண் கூட்டினேன்.

அதைவிடக் கடினமான கேள்வி வெளியாட்களிடமிருந்து வரவில்லை. லெஸ்பியன் தோழி ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் தனிக்குழு எதற்கு, நீங்கள் நினைத்தால் சாதாரண ஆட்கள் மாதிரி இருந்துவிட்டுப் போகலாமே" என்றார். பயிற்சியாளர் "எல்லோரும் ஒரே குடும்பம்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். போயிருக்கக்கூடாது. சட்டப் பேராசிரியர் கெஞ்சி யோஷினோ 2000-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த இடத்தைத்தான் தொடுகிறது. இருபாலீர்ப்பினரைக் கண்ணில் படாமல் வைப்பதில் எதிர்பாலீர்ப்பினருக்கும் தன்பாலீர்ப்பினருக்கும் பேசி வைக்காத ஒப்பந்தம் மாதிரி ஒன்று இருக்கிறது என்கிறார் அவர். நான் இந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்லிக்கொள்ள இருவருக்குமே கோடு தெளிவாக இருக்க வேண்டும். காதலிப்பது ஆணையா பெண்ணையா என்பதே எல்லாவற்றையும் விட முக்கியம் என்ற எண்ணம் நிலைக்க வேண்டும். ஒருவனுக்கு ஒருத்தி, அல்லது ஒருவனுக்கு ஒருவன், என்ற ஏற்பாட்டுக்கு ஆபத்து வரக்கூடாது. நாங்கள் எதையும் உடைக்க வரவில்லை, ஆனால் நாங்கள் இருப்பதே அந்தக் கோட்டைச் சங்கடப்படுத்துகிறது. அந்தத் தோழியின் கேள்வியில் இருந்தது வெறுப்பு அல்ல, அந்தச் சங்கடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் வகுப்பு வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

உடல்நலம், பாதுகாப்பு பற்றிய பகுதியில் எல்லா எண்களையும் "எல்ஜிபி" என்று ஒரே கட்டத்தில் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். பார்க்க வசதி, உபயோகம் குறைவு. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2010-இல் எடுத்த கணக்கெடுப்பில், துணைவரிடமிருந்து பாலியல் வல்லுறவையோ உடல் வன்முறையையோ பின்தொடர்தலையோ வாழ்நாளில் சந்தித்த பெண்கள் லெஸ்பியன்களில் 44 சதவீதம், எதிர்பாலீர்ப்புப் பெண்களில் 35, இருபாலீர்ப்புப் பெண்களில் 61. கூட்டிப் போட்டால் அந்த 61 காணாமல் போய்விடும், அவர்களுக்கென்று ஓர் உதவி எண்ணோ ஆலோசகரோ வேண்டும் என்று கேட்க ஆதாரமும் போய்விடும். கணக்கைப் பிரித்துக் காட்டுங்கள் என்று இருபாலீர்ப்பு அமைப்புகள் கேட்பது இதனால்தான்.

இதையெல்லாம் நீளமாக எழுதி அனுப்பினேன். பதில் வந்தது, நகல் ஒட்டிய பதில் இல்லை, படித்துவிட்டு எழுதிய பதில். கொடியை மாற்றிவிட்டார்கள். குவிஸில் இப்போது "பார்த்துச் சொல்ல முடியாது" என்பதுதான் சரியான விடை. வரலாறு அப்படியேதான் இருக்கிறது, மறுபடி படம்பிடிக்க வேண்டும் என்றார்கள், சரி. இருபாலீர்ப்புக்கென்று விரிவான கூடுதல் பகுதி ஒன்று தனியாக இருக்கிறது, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள், எனக்குப் பார்க்கத் திறந்தும் விட்டார்கள்.

அது நன்றாக இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். இருபாலீர்ப்பினர் நாலைந்து பேர் தாங்களே பேசுகிறார்கள், அதில் ஒருவர் வயதானவர், திருமணமாகிப் பேரப்பிள்ளைகள் உள்ளவர். முழு எதிர்பாலீர்ப்பு 0, முழுத் தன்பாலீர்ப்பு 6 என்று பாலியல் ஆய்வாளர் கின்சி கொடுத்த அளவுகோலோடு நிற்காமல், மனநல மருத்துவர் ஃபிரிட்ஸ் க்ளைன் 1978-இல் கொடுத்த கட்ட அட்டவணையையும் காட்டுகிறார்கள். ஈர்ப்பு, நடத்தை, கற்பனை, மனநெருக்கம் என்று ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றும் முன்பு, இப்போது, விரும்புவது என்று மூன்று காலங்களில். அதை நிரப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள், எதிர்பாலீர்ப்பு உள்ள என் சக ஊழியர் ஒருவரிடம் காட்டினேன், நிரப்பிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் கூடுதல் பகுதி என்றால் யார் வாங்குவார்கள்? ஏற்கெனவே அக்கறை உள்ள இடம்தான் வாங்கும். அடிப்படை வகுப்போடு நிற்கிற மற்ற எல்லோருக்கும் நாங்கள் அந்த ஒரு ஸ்லைடுதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: அடிப்படை வகுப்பு மட்டும் என்றால் வேறு எங்காவதும் விசாரியுங்கள். வாங்குவதற்கு முன் மாதிரிக் குவிஸ் கேட்டால் கொடுக்கிறார்கள், ஆணும் பெண்ணும் நிற்கிற அந்தப் படம் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய பதிப்பு இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடுதல் பகுதியோடு சேர்த்து வாங்கினால் தாராளமாக வாங்கலாம், நேரலைக்கு இருபாலீர்ப்பு உள்ள பயிற்சியாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள். செப்டம்பர் 23 இருபாலீர்ப்பினர் தினம், 1999 முதல் கொண்டாடுகிறார்கள், அதையொட்டித் தேதி கேட்டால் கிடைப்பது கஷ்டம், முதலிலேயே சொல்லி வையுங்கள்.